டெஃபரன்ஸ், ஒபீடியன்ஸ்: எதை எங்கே எழுதுவது?

பணிவைக் குறிக்க ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களில் எதைத் தேர்வது என்று பலர் தயங்குகிறார்கள்.

பணியும் காரணம்: டெஃபரன்ஸில், மற்றவரின் வயதையோ அறிவையோ பதவியையோ மதித்து ஒருவர் தம் கருத்தைத் தாமே பின்னுக்கு வைக்கிறார். ஒபீடியன்ஸில், மனத்தில் மதிப்பு இல்லாவிட்டாலும் கட்டளை நிறைவேறினால் போதும்.

வாக்கிய அமைப்பு: இரண்டுக்கும் பின்னே ‘டு’ வரும். ‘இன் டெஃபரன்ஸ் டு ஹெர் விஷஸ்’ என்றால் அவருடைய விருப்பத்துக்கு மதிப்பளித்து என்று பொருள். ‘டெஃபர்’ என்ற வினைச்சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும்; ஒருவரைச் சுட்டும் ‘டு’ சேர்ந்தால் விட்டுக்கொடுத்தல், இல்லையென்றால் பெரும்பாலும் ஒத்திவைத்தல்.

சட்டத்தில்: தெளிவற்ற சட்டப்பிரிவுக்கு, அதை நிர்வகிக்கும் அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் வகுத்த நெறி ‘செவ்ரான் டெஃபரன்ஸ்’ எனப்பட்டது, 2024இல் அந்த நீதிமன்றமே அதைக் கைவிட்டது. நீதிமன்றம் துறைக்குக் கீழ்ப்பட்டதன்று என்பதால், இங்கே ஒபீடியன்ஸ் சற்றும் பொருந்தாது.

ஆகவே, படைவீரர் ஆணைக்கு அடங்குவதை எழுத ஒபீடியன்ஸ் சரி. மாற்றுக் கருத்து இருந்தும் மூத்த மருத்துவரின் முடிவை இளையவர் மதித்து ஏற்பதற்கு டெஃபரன்ஸே தக்கது.