பெட்டைக் குட்டிக்கு எந்த வீடு?

தை மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார்கள். ஏழு குட்டிகள். மூன்று கடுவன், நான்கு பெட்டை. கடுவன் குட்டிகள் கண் திறப்பதற்குள் மூன்றுக்கும் ஆள் சொல்லிவைத்துவிட்டார்கள். பெட்டைகளில் முதலாவது வீடு போய்ச் சேர்ந்தபோது அதற்குப் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

ஈற்றுக்கு ஈற்று இதே கதைதான். "பெட்டையா? வேண்டாம் அக்கா, வீடு முழுக்கக் குட்டியாகிவிடும்" என்பார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதல்முறை பருவத்துக்கு வருகிறது. பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு இரண்டு முறை. சினைக்காலம் 63 நாள்தான். சொல்வது உண்மை. ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தக் குட்டிதான் அடுத்த வருடம் இன்னொரு பாலத்தடியில் ஏழு போட்டுக்கொண்டு கிடக்கிறது.

அதனால் மீட்ட குட்டிகளை வளர்க்கவும் கொடுக்கவும் உள்ள வழிகளை ஒப்பிடும்போது நான் ஒரே கேள்வியைத்தான் முன்னால் வைக்கிறேன்: இந்த வழியில் பெட்டைக் குட்டி என்ன ஆகும்? கடுவனுக்கு எல்லா வழியும் ஓரளவு ஒத்துவரும்.

முதலில், எங்கே வளர்ப்பது.

இருந்த இடத்திலேயே விட்டுச் சோறு வைப்பது ஒரு வழி. பலர் நினைப்பதைவிட இது நல்ல வழி. தாய் நாய் மழையும் வெயிலும் பார்த்துத்தான் இடம் தேர்ந்திருக்கும். ஊர் ஓரத்தில், வண்டி வராத இடத்தில், பக்கத்து வீட்டில் இரண்டு நல்ல மனம் இருந்தால் முதல் மூன்று வாரத்துக்கு அதைக் கலைக்காமல் இருப்பதே மேல். தாய்க்கு மட்டும் வயிறார வைத்தால் போதும். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இது நடக்காது. குட்டி நடக்கத் தொடங்கும் மூன்றாம், நான்காம் வாரத்தில் தார்ச்சாலையை நோக்கித்தான் நடக்கும். பேருந்து நிலையம், மருத்துவமனை, பள்ளி வளாகம் என்றாலும் இனி இந்த வழியை நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொரு குறை மெதுவாகத்தான் தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குத்தான் பிறகு பயப்படாமல் இருக்கும். வெளியே வளரும் ஈற்றில் கடுவன்களை யாராவது ஐந்து வாரத்திலேயே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிஞ்சும் பெட்டைகள் மனிதர் கை படாமல் வளர்ந்து, மூன்று மாதத்தில் ஆளைக் கண்டாலே ஓடுகின்றன. அதற்குப் பிறகு அவற்றுக்கு வீடு தேடுவது மிகவும் கடினம்.

குட்டிகளை மட்டும் அட்டைப் பெட்டியில் அள்ளி வருவது இரண்டாவது வழி. இரக்கப்பட்டவர்கள் அதிகம் செய்வது இதுதான். தாய் இறந்துவிட்டால் ஒழிய இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு, மூன்று வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இரவு பகல் பாராமல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். பசும்பாலில் நாய்ப்பாலின் அளவுக்குக் கொழுப்பும் புரதமும் கிடையாது, வயிற்றுப்போக்கும் வரும். குட்டிகளுக்கென்று விற்கும் பால் மாவுதான் சரி. ஜில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் ஊற்றக் கூடாது, முதலில் சூடு ஏற்ற வேண்டும். குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டினால் புரையேறும். குப்புறக் கிடத்தித்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் போகும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் தாய் அங்கேயே மடி கட்டி நிற்கிறாள். பால் தேங்கி மடிவீக்கம் வரலாம். அடுத்த பருவத்தில் மறுபடியும் சினையாவாள். ஏழு குட்டியைக் காப்பாற்றி அடுத்த ஏழுக்கு இடம் விட்டதாக ஆகும்.

காப்பகத்தில் சேர்ப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அடிபட்டது, நோயில் விழுந்தது என்றால் மருத்துவர் இருக்கும் காப்பகம்தான் சரியான இடம். தடுப்பூசி போடாத, நன்றாக இருக்கும் குட்டியை நூறு நாய் இருக்கும் இடத்தில் விடுவது ஆபத்து. பார்வோ எனும் ரத்தக் கழிச்சல் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

நான் செய்வது, தாயோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவது. இடம் வேண்டும், பொறுமை வேண்டும், வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். என் வீட்டில் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி அறைதான் பிரசவ அறை. கோணிச்சாக்கின் மேல் பழைய வேட்டி. பாலத்தடியிலிருந்து வந்த தாய் முதல் இரண்டு நாள் என்னைப் பார்த்து உறுமினாள். மூன்றாம் நாள் கறிக்கடையில் வாங்கிய கோழிக்கால்களை வேகவைத்து, அந்தச் சாற்றில் ராகிக் களியைக் கரைத்து வைத்தேன். சட்டியை நக்கி முடித்துவிட்டு, முதல்முறையாக என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். அதன் பிறகு குட்டிகளைத் தொட விட்டாள்.

ஏழும் ஒரே செம்பழுப்பு. அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டினேன். பெட்டைகளுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். குட்டி பெருக்கிறது என்பதால் அந்த நூலை இரண்டு நாளுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும், மறக்கவே கூடாது. காலையில் சமையலறைத் தராசில் எவர்சில்வர் தட்டு வைத்து ஒவ்வொன்றாக நிறுப்பேன். நீல நூல்காரி ஒன்பதாம் நாள் முந்தின நாள் எடையிலேயே நின்றாள். பால் குடிக்கும்போது கவனித்தால், பெரிய கடுவன் ஒன்று அவளை ஒவ்வொரு முறையும் முன்காம்புப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் அவளைத் தனியே பத்து நிமிடம் பிடித்துவைத்தேன். இரண்டு நாளில் தேறிவிட்டாள். தராசு இல்லாமல் கண்ணால் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்து. முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். வளர்க்கிறவர்களும் கடி படுவதற்கு முன்பே தமக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. கீறல் பட்டால்கூடச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இந்த வழியின் பெரிய லாபம், குட்டிகள் குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் நடுவில் வளர்கின்றன. தாய் என் கைக்குள் இருக்கிறாள். பால் வற்றிய பிறகு, சித்திரையில் அவளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்தது. என்னைக் கேட்டால், குட்டிகளுக்கு வீடு கிடைப்பதைவிட இதுதான் பெரிய வேலை.

இனி, யாரிடம் கொடுப்பது. எட்டு வாரத்துக்கு முன் யாரிடமும் இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. அதற்குமேல் எங்கள் பக்கம் மூன்று விதமான வீடுகள் வரும்.

மாந்தோப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குட்டி கேட்டு வருபவர்களில் தோப்புக்காரர்கள்தான் அதிகம். திறந்த வெளி, நிழல், நாயைச் சங்கிலியில் கட்டாத வாழ்க்கை. நாயின் காவலுக்குக் கல் நட்டு மரியாதை செய்த மண் இது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயின் பெயரோடு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. தோப்பு என்றாலே ஆபத்து என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் தோப்பில் இரண்டு வகை உண்டு. குத்தகைக்கு விட்ட தோப்பில் காவல்காரர் மாங்காய்ப் பருவம்வரைதான் இருப்பார். ஆடி வந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். நாய்க்குச் சோறு யார் வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோப்புக்கு அண்ணனும் தங்கையுமாக இரண்டு குட்டி கொடுத்தேன். ஜோடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணை என்று கேட்டார்கள், நானும் நம்பினேன். பருவம் முடிந்து காவல்காரர் போய்விட்டார். மார்கழியில் போய்ப் பார்த்தபோது தங்கைக்காரி விலா எலும்பு தெரிய, வயிறு தள்ளி நின்றாள். கூடப் பிறந்தது என்று நாய்க்குக் கணக்கில்லை. அந்தத் தவறு என்னுடையது. குடும்பம் வருடம் முழுக்கக் குடியிருக்கும் தோப்பு என்றால் கொடுக்கலாம்; போச்சம்பள்ளிப் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் மஞ்சள் நூல்காரி போனாள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற காட்டோரப் பகுதி என்றால் இரவில் நாயை எங்கே அடைப்பீர்கள் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை.

ஓசூர் அடுக்குமாடி. இங்கே ஒரு வியப்பு. பெட்டைக் குட்டியைத் தயங்காமல் வாங்குபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். கருத்தடை பற்றி நான் பேச்செடுக்கும் முன் அவர்களே கேட்பார்கள். தடுப்பூசித் தேதி தவறாது. ஓசூரின் குளிர்ச்சியும் நாய்க்கு நல்லது. குறை என்னவென்றால், வாடகை வீடும் வேலை மாற்றமும். குடியிருப்புச் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் சொல்லியிருக்கிறது என்றாலும், வீட்டு உரிமையாளர் முகம் சுளித்தால் வாடகைக்காரர் என்ன செய்வார்? இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து தங்கும் அறைக்குக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நான்கு பேரில் யாருடைய நாய் என்பது தெரியாது. குடும்பமாக இருந்து, வீட்டு உரிமையாளரிடம் நானே பேசிய பிறகு கொடுத்தால் நன்றாக இருக்கிறது. பச்சை நூல்காரி அப்படிப் போனவள்.

ஊருக்குள் இருக்கும் சாதாரண வரிசை வீடு. சுற்றுச்சுவர் கிடையாது, தனி உணவு கிடையாது, மீந்த சோறும் மோரும் களியும்தான். மாந்தோப்பின் பரப்போ ஓசூரின் ஒழுங்கோ இங்கே இல்லை. இருந்தும் நான் முதலில் தேடுவது இந்த வீட்டைத்தான். காரணம், இங்கே குடும்பம் இடம் மாறாது. திண்ணையில் எப்போதும் ஓர் ஆள் இருக்கும். நான் பால் வாங்கப் போகும்போது குட்டியைப் பார்த்துவிட்டு வரலாம். கருத்தடைக்குத்தான் இவர்கள் தயங்குவார்கள். செலவு, வண்டி வைத்துக் கூட்டிப்போவது, தையல் பிரிக்கும்வரை பார்த்துக்கொள்வது. அதை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஆறு மாதம் ஆனதும் குட்டியை என் வீட்டுக்கு அழைத்துவந்து, அறுவை முடித்து, புண் ஆறும்வரை பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பேன். இப்படிச் சொன்னதும், "பெட்டை வேண்டாம்" என்ற அதே வாய் "சரி, கொடு" என்கிறது. சிவப்பு நூல்காரியை வாங்கிக்கொண்ட ஆயா, "குட்டி போடாது என்றால் எனக்குப் பெட்டைதான் வேண்டும், வீட்டைவிட்டு அலையாது" என்றார்.

மூன்று வீட்டுக்கும் பொதுவாக நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிப் போனது? கழிச்சலில் போனது என்றால், தடுப்பூசி முழுவதும் முடியும்வரை அந்த வீட்டுக்குக் குட்டி போகாது. காணாமல் போனது என்று மட்டும் சொன்னால் இன்னும் நிறையக் கேட்பேன். வயதாகித்தான் போனது என்று சொல்லும்போது ஒருவர் குரல் கம்மினால், எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

தெருநாயைத் தத்தெடுத்தவர் அதை மீண்டும் தெருவில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வளர்ப்புப் பிராணியைப் பட்டினியில் தவிக்க விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இரண்டையும் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். கூடவே, முடியாமல் போனால் எந்த நாளும் என்னிடமே திருப்பிக் கொண்டுவரலாம், ஏன் என்று கேட்க மாட்டேன் என்றும் சொல்கிறேன். திரும்பி வர வழி இருந்தால் யாரும் இருட்டில் கொண்டுபோய் விட மாட்டார்கள்.

நீல நூல்காரி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறாள். ஓசூரிலிருந்து ஒரு தம்பதி ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் முறை வருகிறார்கள். முதல்முறை அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. இந்த முறை தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவளாக வந்து மோந்து பார்க்கும்வரை கை நீட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.