இன்வெர்ட்டருக்கு எஸ்எம்எஃப் பேட்டரியா, டியூபுலரா?

இன்வெர்ட்டர் வாங்கப் போறவங்க கடைசியா வந்து நிக்கிறது இங்கதான், சீல் பண்ண, பராமரிப்பு வேண்டாத எஸ்எம்எஃப் (சீல்டு மெயின்டனன்ஸ் ஃப்ரீ) எடுக்கறதா, தண்ணி ஊத்துற டியூபுலரா.

ஆயுள்: தினமும் கரண்ட் போற ஊருக்கு டியூபுலர்தான் தாங்கும். எஸ்எம்எஃப் சீக்கிரம் டயர்ட் ஆயிடும், சூடும் அதுக்கு ஆகாது.

பராமரிப்பு: டியூபுலர்ல தண்ணி அளவு காட்டுற மிதவை இறங்குனா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும், குழாய்த்தண்ணி கூடவே கூடாது. எஸ்எம்எஃப்ல அந்தத் தொல்லை இல்ல. ஆனா ரெண்டுலயும் டெர்மினல் நட்டு லூசா இருந்தா சூடேறும், டைட் பண்ணி மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க, கழட்டும்போது மைனஸ் முதல்ல.

வைக்கிற இடம்: சீல் பண்ணதுதானேன்னு எஸ்எம்எஃப்ப அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடறாங்க, ஓவர்சார்ஜ் ஆனா வால்வு தொறந்து ஹைட்ரஜன் வரும்ங்க, காத்தோட்டம் வேணும். தலைகீழாவும் வைக்காதீங்க. 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் 50 கிலோவ தாண்டும், ஷெல்ஃப் எல்லாம் வேணாம், தரையில டிராலிதான்.

முக்கியமா இன்வெர்ட்டர்ல பேட்டரி டைப் சுவிட்ச் இருந்தா பாருங்க. எஸ்எம்எஃப்ப மாட்டிட்டு டியூபுலர் மோட்ல விட்டா அதிக வோல்டேஜ்ல உள்ள ஈரம் காஞ்சுடும், திரும்ப ஊத்தவும் வழியில்ல.

சின்ன ஃபிளாட், எப்பவாவது கரண்ட் கட்டுன்னா எஸ்எம்எஃப். மணிக்கணக்கா போகுதுன்னா யோசிக்காம டியூபுலர்.