பாராசிட்டமாலா, அசிட்டமினோஃபெனா?

இரண்டும் ஒரே மருந்து. மூலக்கூறில் அணுவளவும் வேறுபாடில்லை. பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால் என்ற நீண்ட வேதிப்பெயரை இரு விதமாக வெட்டியதில் பிறந்தவை இந்தப் பெயர்கள்.

பாராசிட்டமால் ‘பாரா’வைத் தலையாகவும் ஃபீனாலின் ‘ஆல்’ என்ற முடிவை வாலாகவும் வைத்துக்கொண்டது. அசிட்டமினோஃபென் ‘பாரா’வை விட்டுவிட்டு, ஃபீனாலின் முன்பாதியை எடுத்துக்கொண்டது. டைலெனால் என்ற வணிகப்பெயரும் இதே வேதிப்பெயரின் துண்டுகள்தாம்: அசிட்டைலின் ‘டைல்’, ஃபீனாலின் ‘எனால்’.

துண்டுகளுக்கும் பொருள் உண்டு. ‘பாரா’, ஆறு கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையத்தில் இரு அணுத்தொகுதிகள் நேரெதிரே, 1, 4 இடங்களில் இருப்பதைச் சொல்கிறது. ‘அசிட்’ வினிகரைக் குறிக்கும் லத்தீன் சொல். ஃபீனாலின் வேர் ‘ஒளிர்’ என்னும் கிரேக்கச் சொல். ஃபீனாலில் இருப்பது பென்சீன் வளையம்; அந்தப் பென்சீன் விளக்கெரிக்கும் வாயுவின் கசடில் கிடைத்ததால் இந்தப் பெயர் வந்தது. அழகான வேர்!

உலக சுகாதார அமைப்பின் பொதுப்பெயர் பாராசிட்டமால்; இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதுவே. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் அசிட்டமினோஃபென். எனக்குப் பாராசிட்டமாலே மேல்: ‘பாரா’ என்ற அடையாளத்தை அது தொலைக்கவில்லை.

பெயர்க் குழப்பத்தில் ஆபத்தும் உண்டு. வேறு மருந்தென்று நம்பி இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேர உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் அறிகுறியே தெரியாமல் போகலாம். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன், அளவு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சிறப்பாக வேலை செய்யும். எனவே சளி மாத்திரை அட்டையிலும் இரு பெயர்களையும் தேடுங்கள். ‘ஏபிஏபி’ (APAP) என்ற சுருக்கமும் இதே மருந்துதான்.