பஃப்ஸா, சமோசாவா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாலு பேர் கூடினால் பேக்கரி முட்டை பஃப்ஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டிலேயே செய்வதென்றால் என் ஓட்டு சமோசாவுக்கே.

பஃப்ஸின் அழகு அந்த அடுக்கடுக்கான மொறுமொறுப்பு. அதற்கு மாவுக்கு நடுவே வெண்ணெய் வைத்து மடித்து, தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஃபிரிட்ஜில் குளிரவைக்க வேண்டும். பாலக்காட்டு மார்ச் வெயிலில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு பிரியாது. அப்புறம் 200 டிகிரி ஓவனில் வைத்தும் பயனில்லை.

சமோசாவுக்கு மைதாவில் எண்ணெய் விட்டுப் பிசிறி, கெட்டியாகப் பிசைந்தால் போதும். உள்ளே உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் தூக்கலாக மிளகு. மசாலா நன்றாக ஆறியிருக்க வேண்டும். மிதமான சூட்டில் நிதானமாகப் பொரித்தால் மேலே கொப்புளம் வராது.

அடுப்படியில் நின்று பொரிக்க ஆளில்லை என்றால் மட்டும் பஃப்ஸ். மாவை முந்தின இரவே மடித்து வைத்துவிடுங்கள்.