எச்சிங் கற்றுக்கொள்ள நினைக்கிறீர்களா? செம்பில் ஆரம்பியுங்கள்: ஒரு காட்பாடி அனுபவம்

உலோகத் தகட்டில் கோடுகளைக் கரைசலால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பிக் காகிதத்தில் அச்செடுக்கும் கலைதான் எச்சிங். காட்பாடியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் வீட்டோடு வைத்திருக்கும் பட்டறையில் அதைக் கற்க ஆரம்பித்து இரண்டு கோடை தாண்டிவிட்டது. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் முதல் தகடு செம்பாக இருக்கட்டும், துத்தநாகம் வேண்டாம்.

வேலை இப்படித்தான் நடக்கும். தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாகத் தேய்த்து, சாக் பவுடர் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்காமல் தகடு முழுக்கப் படர்ந்து நின்றால்தான் சுத்தம் என்று அர்த்தம். பிறகு தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் தாரும் ரோசின் என்கிற மரப் பிசினும் கலந்த பூச்சை மெல்லிசாக ஏற்றி, மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவோம். அதன்மேல் ஊசி போகிற இடமெல்லாம் செம்பு பளிச்சென்று தெரியும். உலோகத்தைக் கீறத் தேவையில்லை, மெழுகு விலகினால் போதும். பள்ளம் வெட்டுவது, தகட்டை முக்கி வைக்கும் கரைசலின் வேலை. மெல்லிய கோடே போதும் என்கிற இடத்தை வார்னிஷ் தடவி மூடிவிட்டு, அழுத்தம் வேண்டிய இடத்துக்காகத் தகட்டை மறுபடி உள்ளே விடுவோம்.

துத்தநாகம் விலை குறைவு, சீக்கிரம் அரிக்கும். கல்யாணப் பத்திரிகை அடித்த பழைய அச்சகங்களில் படத்துக்கான பிளாக் ஜிங்க்கில்தான் செய்வார்கள். அதனால் பல வகுப்புகளில் அதையே முதலில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு நைட்ரிக் ஆசிட் வேண்டும். தகட்டில் குமிழிகள் கிளம்பும், கோடு சீராக விழ இறகால் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அரிக்கும்போதே சூடு ஏறும், சூடு ஏற ஏற வேகமும் கூடும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். இதோடு நெஞ்சுக்கு ஆகாத புகை வேறு. "கண்ணாடியப் போட்டுக்கம்மா, அப்புறமா தொட்டிகிட்ட வா" என்று சார் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

செம்புக்கு ஃபெரிக் குளோரைடு. குமிழி கிடையாது, அந்த மாதிரிப் புகையும் கிடையாது. கோட்டின் ஓரம் துல்லியமாக நிற்கும். பள்ளத்தில் வண்டல் தங்கும் என்பதால் தகட்டைச் செங்குத்தாகவோ கவிழ்த்தோ வைக்க வேண்டும். கொஞ்சம் எலுமிச்சை உப்பு சேர்த்தால் அந்தத் தொல்லையும் குறையும். துணியில் பட்டால் மஞ்சள் கறை போகவே போகாது, அது ஒன்றுதான் குறை. செம்பு விலை கூடத்தான். ஆனால் அது துத்தநாகத்தைவிடக் கெட்டி, அச்செடுக்க எடுக்கச் சீக்கிரம் தேயாது.

நான் அதிகம் உழைத்த தகடு, வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் பாய்ந்து நிற்கும் குதிரை. அச்சில் இடம் வலம் மாறும் என்பதால் கண்ணாடியில் பார்த்து வரைந்தேன். உண்மையான படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மையை அட்டைத் துண்டால் பள்ளங்களுக்குள் அழுத்தி, கஞ்சி போட்ட மல் துணியால் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். கடைசியில் உள்ளங்கையில் சாக் பவுடர் தொட்டு, தகட்டை உரசியும் உரசாமலும் ஒரு வீச்சு. அதிகம் துடைத்தால் கடிவாளத்து மணிகளிலிருந்து மை வெளியே வந்துவிடும், குறைத்தால் குதிரை முழுக்க மங்கல் ஏறும். ஒரே தகட்டில் காலையில் எடுத்த அச்சும் மாலையில் எடுத்த அச்சும் வேறு வேறு குதிரைகளாக நிற்கும். எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே இதுதான்.

காகிதத்தை ஊறவைத்து, ஒற்றி, ஈரப்பதமாக வைத்திருக்க வேண்டும். மே மாதத்தில் நாம் துடைத்து முடிப்பதற்குள் காகிதம் காய்ந்துவிடும், பிளாஸ்டிக் தாளுக்குள் சுற்றி வையுங்கள். பிறகு தகடு, காகிதம், மேலே கம்பளி என்று அடுக்கி, கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டியதுதான். வேலை முடிந்து தகட்டைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் தேடாதீர்கள், கடலை எண்ணெயே மையை இளக்கிவிடும்.

கழிவு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மாவட்டம் இது. பழைய ஃபெரிக் கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது. சார் அதைக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் தருகிறார். ஒரு லிட்டர்தானே என்று சாக்கடையில் ஊற்றும் பட்டறை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தாலும் அங்கே சேராதீர்கள்.

இந்தக் கலை நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். வேலூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு 1911 வரை தலைநகரம் சித்தூர். அந்தச் சித்தூர்ப் பக்கத்து நந்தனூரில் 1925-இல் பிறந்த கிருஷ்ண ரெட்டி, பாரிஸில் ஹேட்டர் என்ற அச்சுக் கலைஞரின் அட்லியே 17 பட்டறையில் பணியாற்றி, எண்ணெய் கூட்டியும் குறைத்தும் பதம் வேறுபடுத்திய மைகளைக் கொண்டு ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அவர் அச்சுகளின் படங்களை சார் காட்டியபோது வகுப்பே அன்று வேலையை மறந்து உட்கார்ந்திருந்தது.

குறை என்றால், எல்லாருக்கும் ஒரே பிரஸ், காத்திருக்க வேண்டும். ரோசின் தூள் தூவி நிழல் எடுக்கும் அக்வாடின்ட்டை ஆரம்பப் பாடத்தில் தொடவே மாட்டார்கள், அதற்காக மறுபடி சேர வேண்டும். தீபாவளி கழித்துச் சேர்ந்தால் வெயில் தணிந்திருக்கும், மெழுகும் காகிதமும் சொன்னபடி கேட்கும். கையுறை, கண்ணாடி, கறைபட்டாலும் கவலையில்லாத பழைய சட்டை, மூன்றையும் முதல் நாளே எடுத்துப் போங்கள்.