செம்மண்ணா, நார்த்தூளா? தொட்டிச் செடியின் சத்தும் பி.எச். அளவும்

மாடித்தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கலவை நல்லது என்பதுதான். செம்மண்ணை விட்டால் வேறு கதியில்லை என்பார் ஒருவர். மாடிக்குப் பாரமில்லாத தென்னை நார்த்தூள் இருக்க மண் எதற்கு என்பார் இன்னொருவர். இருவர் வீட்டிலும் காய்கள் தொங்கும். ஆனால் ஒருவர் சொன்னதை அப்படியே கேட்டு வைத்த பக்கத்து வீட்டுக்காரரின் செடி மஞ்சளாகி நிற்கும். நாம் ஊற்றும் தண்ணீர் எது என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கடையில் கலவை வாங்கும்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தரையில் வளரும் செடிக்கு வேர் ஓட இடம் உண்டு. ஓர் இடத்தில் உப்புச் சேர்ந்தால் வேறு பக்கம் போகும். தொட்டியில் இருப்பது இருபது, நாற்பது லிட்டர் மண். அதற்குள் நாம் ஊற்றியதெல்லாம் அங்கேயே தங்குகிறது. பி.எச். என்கிற அமில காரக் குறியீடு 6-லிருந்து 7-க்கு ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று பொருள். 8-க்குப் போனால் நூறில் ஒன்று. அந்த நிலையில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுகிறோம். செடியோ தட்டில் சோறு இருந்தும் வாய் கட்டப்பட்டதுபோல நிற்கிறது.

இனி இரண்டு கலவைகளையும் எடுத்துக்கொள்வோம்.

செம்மண்ணின் பலம் நிதானம். நல்ல செம்மண்ணின் பி.எச். பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். காய்கறிக்கு அது போதும். இரும்பு இயல்பாகவே உண்டு. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு, கரிமப் பொருள் அதைவிடக் குறைவு. அதனால்தான் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு இன்றும் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், நகரத்தில் செம்மண் என்று மூட்டையில் வருவது பலமுறை மனைக்கு நிரப்பும் சரளையாகவே இருக்கிறது. கட்டட இடிபாட்டின் சிமென்ட் துகள்கள் கலந்திருந்தால் அது மண்ணைக் காரமாக்கும். சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணும் அப்படியே. சோதிக்க ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகரை விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மூட்டையை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எடையையும் கணக்கில் வைக்க வேண்டும். நாற்பது லிட்டர் தொட்டியில் ஈரமான செம்மண் அறுபது கிலோவைத் தாண்டும். நார்த்தூள் முழுக்க நனைந்திருந்தாலும் அதில் பாதிதான் வரும். பழைய வீட்டு மாடிகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

தென்னை நார்த்தூளின் கதை வேறு. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றுத் தொழிற்சாலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் கழிவாகக் குவிந்து கிடந்தது, இன்று அழுத்திய கட்டியாகக் கப்பலேறுகிறது. ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கும். காற்றும் ஈரமும் ஒருசேர நிற்கும், வேர் விறுவிறுவென்று இறங்கும். இதன் பி.எச். சுமார் 5.5 முதல் 6.5 வரை. மண்ணில்லா வளர்ப்புக்கு ஏற்ற அளவும் அதுதான்.

ஆனால் சத்து என்று பார்த்தால் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) தவிர அதில் எதுவுமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு இரண்டு தொல்லைகள். முதலாவது உப்பு. கழுவாத நார்த்தூளில் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் ஏராளம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் (EC) 0.5 mS/cm-க்கும் குறைவு என்று எழுதிய கட்டியை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, வடிகிற நீரைக் கையடக்க மின்கடத்து மீட்டரில் பாருங்கள். அலசியும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நார்த்தூளின் மேற்பரப்பு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. நாம் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) கொடுத்ததும் அவற்றை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். செடிக்குக் கிடைக்காது. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு நார்த்தூள் தொட்டிகளில் இது முக்கியக் காரணம். நடுவதற்கு முன்பே நார்த்தூளை ஓர் இரவு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து வடித்துவிட்டால் அந்தப் பசி அடங்கிவிடும்.

இரண்டாவது தொல்லை தழைச்சத்து. மட்காத நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கும் மேல். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் நாம் போடும் தழைச்சத்தை முதலில் தமக்கு எடுத்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்தால் இந்த விகிதம் 112-லிருந்து 24 வரை இறங்குகிறது. மட்கிய நார்க்கழிவு உரமும் கடையில் விற்கும் வெறும் நார்த்தூளும் ஒன்றல்ல. பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். சென்னையில் பல வீடுகளில் செடிக்குப் போவது ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற அந்த நீரில் மண்ணைக் காரமாக்கும் பைகார்பனேட் நிறைய இருக்கும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீரின் பி.எச். மட்டும் போதுமான தகவல் அல்ல. பி.எச். 8 காட்டினாலும் பைகார்பனேட் குறைவாக இருந்தால் பெரிய தீங்கில்லை. 7.5 காட்டி பைகார்பனேட் மிகுதியாக இருந்தால், ஒவ்வொரு நாளும் தொட்டிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவதற்கு அது சமம். நல்ல செம்மண் கலவையானாலும் சில மாதங்களில் 8-ஐ நெருங்கிவிடும். நார்த்தூளும் தன் 6-ல் நிற்காது. செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. மாறாக, முதிர்ந்த அடியிலைகள் முழுவதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்று பார்க்காமல் உரப் பையைத் திறக்காதீர்கள்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு விடும் வழக்கம் பரவியிருக்கிறது. மனம் வருந்திச் சொல்கிறேன், தொட்டிச் செடிக்கு அது வேண்டாம். உள்ளே போன நீரின் உப்பெல்லாம் செறிந்து வெளிவருவதுதான் அது. அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. மழைநீர் எல்லாவற்றிலும் மேல். அதன் பி.எச். தூய காற்றில் 5.6 அளவில் இருக்கும், பைகார்பனேட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயிலிருந்து ஒரு பீப்பாய்க்குத் திருப்பினால் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் கோடையில் அவ்வப்போது கொடுக்கலாம்.

எனவே என் தீர்ப்பு இது. தண்ணீர் மென்மையாக இருந்து, வாரந்தோறும் உரம் கரைத்து ஊற்றும் பொறுமையும் இருந்தால் தக்காளி, மிளகாய், கத்திரி போன்ற குறுகிய காலப் பயிர்களுக்கு நார்த்தூள் மிகுந்த கலவையே சிறந்தது. வெள்ளைப் படிவு விடும் கடின நீர்தான் கதி என்றால் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மண்புழு உரம் என்று சேருங்கள். மட்கின் கரிமப் பொருள்தான் பி.எச். துள்ளாமல் பிடித்து வைக்கும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் மல்லிகை, எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு எந்தத் தண்ணீரானாலும் பெரிய தொட்டியும் செம்மண்ணும்தான் என் தேர்வு.

உரத்திலும் இரண்டு கட்சி. மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் ஒரு பக்கம். தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 19 சதவீதம் கொண்ட, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் மறுபக்கம். செம்மண் தொட்டியில் முதல் பக்கம் தாராளமாகப் போதும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் ஏழு சதவீதம். ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு நீர்த்து விடலாம். எலும்புத்தூளை மட்டும் காரத் தொட்டியில் போட்டுப் பயனில்லை, அது கரைய அமிலம் வேண்டும். வெறும் நார்த்தூளிலோ இயற்கை உரத்தை உடைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் குறைவு. அங்கே கரையும் உரம் தேவைப்படும், லிட்டருக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் அளவில். 19:19:19-ல் இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவம், கால்சியம் கிடையாது. ஆகவே கால்சியம் நைட்ரேட்டை வேறொரு நாளில் தனியே கொடுங்கள். இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கரைத்தால் வெள்ளையாகப் படிந்து இரண்டும் வீணாகும்.

ஏறிப்போன பி.எச்.-ஐ இறக்கப் பல வழிகள் சொல்கிறார்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு எல்லாம் சில நாள் கூத்து. கந்தகத்தூளை நுண்ணுயிர்கள் மெல்ல அமிலமாக மாற்றும். வாரங்கள், மாதங்கள் ஆகும், ஆனால் செம்மண்ணில் நிலைக்கும். பெரிய தொட்டிக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் காரம் அதைத் துருவாக்கிவிடும். லிட்டருக்கு ஐந்து கிராம், கூடவே சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து மாலையில் இலையில் தெளித்தால் தளிர் பச்சை திரும்பும். மண்ணிலேயே இரும்பு கொடுக்க வேண்டுமென்றால் கீலேட் வடிவம், அதாவது இரும்பை ஒரு கரிமப் பொருள் பற்றிக் காத்து வைத்திருக்கும் வடிவம். ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று எழுதியது பி.எச். 6.5-க்கு மேல் பிடிப்பை இழக்கும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) கார மண்ணிலும் நிற்கும். விலை கூடுதல்தான், கொடுக்கத் தகும். சாம்பலை மட்டும் இந்தத் தொட்டிகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது பி.எச்.-ஐ இன்னும் ஏற்றும்.

அளப்பதற்கு, மண்ணில் குத்தும் இரண்டு முனைக் கருவியை நம்ப வேண்டாம். பேனா வடிவ பி.எச். மீட்டர் வாங்கி, 4.01, 6.86 பொட்டலக் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அரை மணி நேரம் விட்டு அளப்பதே ஆய்வகங்களின் முறையும். செம்மண் தொட்டிக்குப் பருவத்துக்கு ஒருமுறை போதும். நார்த்தூளுக்கு மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். நார்த்தூள் தொட்டியில் பயிர் முடிந்ததும் தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல நீர் ஊற்றி உப்பை வடித்துவிட்டு, மறுபடி கால்சியம் ஏற்றிய பிறகே அடுத்த நாற்று.