குறைந்த செலவில் டிஏடி தேர்வு: மாதக்கணக்கில் பயன்படுத்திய பிறகு எது தேறியது?

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுத வேண்டிய டிஏடி தேர்வுக்கு ஒரு கோடையில் தயாராகத் தொடங்கி, அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் எழுதி முடித்தேன். கல்லூரி வகுப்பும் பகுதி நேர வேலையும் கூடவே ஓடின. தேர்வுக் கட்டணமே 500 டாலரைத் தாண்டும். அப்புறம் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற செலவு, நேர்காணலுக்குப் போய்வருகிற செலவு எல்லாம் வரிசை கட்டி நிற்கும். பயிற்சிக்கென்று தனியாக ஒரு பெரிய தொகையை எடுத்து வைக்க வீட்டில் வசதி இல்லை. அதனால் காசு கொடுத்து வாங்கியது, இலவசமாகக் கிடைத்தது, நூலகத்தில் எடுத்தது என எல்லாவற்றையும் நிதானமாகப் பயன்படுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை, அத்தனையும் நல்ல தரத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கையில் இருக்கிற கொஞ்சக் காசை முழு நீள மாதிரித் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கடைசிக் கட்டத்தில்தான் செலவழிக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பகுதி இயற்கை அறிவியல், 90 நிமிடத்தில் 100 கேள்வி. உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. அடுத்தது பிஏடி என்கிற காட்சித் திறன் பகுதி, 60 நிமிடத்தில் 90 கேள்வி. வேண்டுமானால் 30 நிமிடம் இடைவேளை எடுத்துக்கொள்ளலாம். பிறகு வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 50 கேள்வி, கணிதத்தில் 45 நிமிடத்தில் 40 கேள்வி. முன்னும் பின்னும் வரும் சின்னச் சின்ன வேலைகளையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார வேண்டும். இயற்பியல் கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது, ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வரக் கூடாது. கல்லூரியில் முதலிரண்டு ஆண்டுகள் அறிவியல் படித்தவருக்குப் பாடத்தில் பெரும்பகுதி பழக்கமானதுதான். புதிதாக இருப்பது வேகமும், அத்தனை நேரம் கவனம் சிதறாமல் இருப்பதும்தான். அந்த இரண்டையும் எந்தப் பாடப்புத்தகமும் தராது.

எதையும் வாங்குவதற்கு முன்னால், தேர்வை நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இலவசமாக வெளியிடும் தேர்வர் கையேட்டைப் படித்துவிடுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து கேள்வி வரும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியேயும் நிறையப் பேசும். பட்டியலை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்திருந்தேன். புதிதாக எதைப் பார்த்தாலும், பட்டியலில் இல்லையென்றால் தொடவில்லை.

உயிரியலில் அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஒரு கேள்வி சிறுநீரகத்தைக் கேட்கும், அடுத்தது பூஞ்சையைக் கேட்கும், அதற்கடுத்தது கருவளர்ச்சிக்குப் போய்விடும். இதற்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் என்கிற இணையதளம் இலவசமாகத் தரும் உயிரியல் பாடநூலும், கேள்வி-பதில் அட்டைகளைப் புரட்டி மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி செயலியும் போதும் என்பது என் அனுபவம். ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் சுமார் 25 டாலர் ஆகும். ஆனால் ஐபோன் வைத்திருப்பவர்களும் உலாவியில் ஆன்கிவெப் வழியாகக் காசு கொடுக்காமலே அட்டைகளைப் புரட்டலாம். வேலைக்குப் போகும் பேருந்தில் நான் அப்படித்தான் செய்தேன்.

ஆன்கியை நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் என்கிற ஹார்மோனின் வேலைகள் யாவை என்று ஒரே அட்டையில் கேட்டால், பாதி நினைவு வந்து பாதி வராது, தெரிந்தது என்று அழுத்துவதா தெரியாது என்று அழுத்துவதா என்ற குழப்பம்தான் மிஞ்சும். அதையே உடைத்து, எந்தச் சுரப்பி சுரக்கிறது என்று ஓர் அட்டை, எந்த அயனியை உடலுக்குள் திரும்ப இழுக்கிறது என்று ஓர் அட்டை, எந்த அயனியை வெளியேற்றுகிறது என்று ஓர் அட்டை. விடைகள் முறையே அட்ரீனல் புறணி, சோடியம், பொட்டாசியம். ஒவ்வொன்றும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். மற்றவர்கள் செய்து வைத்த அட்டைத் தொகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு ஓடுவதைவிட, நமக்குத் தேவையானதை மட்டும் எடுத்து நம் சொல்லில் மாற்றி எழுதுவது நல்லது. எழுதும்போதே பாதி மனதில் பதிந்துவிடுகிறது. தேர்வுக்குச் சில வாரம் முன்னாலேயே புதிய அட்டை சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதிரித் தேர்வு எழுத வேண்டிய நேரத்தை அட்டைகளே விழுங்கிவிடும்.

கரிம வேதியியலுக்குப் பாடநூல் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஜான் மெக்மர்ரியின் கரிம வேதியியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் விலை கொடுத்து வாங்கிப் படித்தது. அதன் பத்தாம் பதிப்பு 2023 முதல் ஓப்பன்ஸ்டாக்ஸில் யாருக்கும் இலவசம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் இறந்துபோன தன் மகன் பீட்டரின் நினைவாக அவர் அப்படிச் செய்தார். முகம் தெரியாத மாணவர்களுக்கு அவர் செய்திருக்கும் இந்த உதவி எனக்கு நேரடியாகக் கிடைத்தது, அதை நன்றியோடு இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். வீடியோ வேண்டும் என்பவர்களுக்குக் கான் அகாடமியும், யூடியூபில் சாட்ஸ் பிரெப் சேனலும் இருக்கின்றன. இரண்டில் சாட்ஸ் பிரெப் தேர்வுக்கு நெருக்கமாகப் பேசுகிறது. அடிப்படையே தடுமாறுகிறது என்றால் கான் அகாடமி பொறுமையாகச் சொல்லித் தரும்.

பொது வேதியியலில் ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். அறிவியல் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. கணிதப் பகுதியில் மட்டும்தான் திரையில் ஒன்று வரும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 4 × 10⁻⁵ என்று கொடுத்துப் பிஎச் கேட்டால், அது 4க்கும் 5க்கும் நடுவே இருக்கும் என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும். 4இன் மடக்கை சுமார் 0.6 என்று நினைவிருந்தால் விடை 4.4. மடக்கை மதிப்பு நினைவில்லாவிட்டாலும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் விடை ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டுப் பாடத்திலும் கால்குலேட்டரைத் தொடாமல் இருப்பது இலவசப் பயிற்சி.

இனி பிஏடி. காசு விஷயத்தில் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் கல்லூரியில் எந்த வகுப்பும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஆறு வகைக் கேள்விகள், வகைக்கு 15: ஒரு பொருள் எந்தத் துளை வழியாக நுழையும், இரண்டு பக்கத் தோற்றத்தைக் கொடுத்தால் மூன்றாவது எது, நான்கு கோணங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குவது, மடித்துத் துளையிட்ட காகிதத்தைப் பிரித்தால் துளைகள் எங்கே இருக்கும், கனசதுரங்களை எண்ணுவது, விரித்த அட்டையை மடித்தால் எந்த உருவம் வரும். ஒரு கேள்விக்கு சராசரியாக 40 நொடிதான்.

இதில் கனசதுரமும் காகிதத் துளையும் முறையாகச் செய்தால் ஏறத்தாழ முழு மதிப்பெண் தரக்கூடியவை. கனசதுரக் கேள்வியில், ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகளுக்கு வெளியே தெரியும் எல்லாப் பக்கத்திலும் வண்ணம் பூசியிருப்பார்கள், தரையில் படியும் அடிப்பக்கத்துக்கு மட்டும் பூசுவதில்லை. எத்தனை கட்டிகளுக்கு இரண்டு பக்கம் வண்ணம், எத்தனைக்கு மூன்று என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்ததும் 0 முதல் 5 வரை ஒரு சின்ன அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டியையும் வரிசையாகப் பார்த்துக் கோடு போட வேண்டும். இரண்டுக்கு இரண்டாக, இரண்டு அடுக்கு உயரத்தில் ஒரு கட்டு இருந்தால், மேலே உள்ள நான்கு கட்டிகளுக்கும் மூன்று பக்கம் வண்ணம், கீழே உள்ள நான்குக்கும் இரண்டு பக்கம். கூட்டினால் 8, மொத்தக் கட்டிகளும் 8, சரி. அந்தக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் நகரக் கூடாது. ஒரே படத்துக்குப் பல கேள்விகள் வரும் என்பதால், அட்டவணை போட்ட நேரம் அடுத்த கேள்வியிலேயே திரும்பிவிடும். காகிதத் துளைக்கு நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து, கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரித்து, ஒவ்வொரு மடிப்புக் கோட்டுக்கும் அந்தப் பக்கம் துளையைப் பிரதிபலித்துக் குறித்தால் போதும். கோணங்களில் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டாம். மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் விடைகள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும்.

பயிற்சிக் கேள்விகளைத் தானாக உருவாக்கித் தரும் பக்கங்களைச் சில தளங்கள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. கோணம், கனசதுரம், காகிதத் துளை மூன்றுக்கும் அவையே தாராளம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்காருவதைவிட, தினமும் கொஞ்ச நேரம் செய்வதுதான் பலன் தந்தது. கண் பழகுவது வீணைக்கு விரல் பழகுவது போல, இடைவெளி விட்டால் உடனே தெரிந்துவிடுகிறது. துளை வழி நுழையும் பொருள், பக்கத் தோற்றம் இரண்டுக்கும் மட்டும் இலவசக் கேள்விகளின் தரம் போதவில்லை. அங்கேதான் காசு கொடுத்து வாங்கிய கேள்விகள் உண்மையிலேயே உதவின.

இன்னொரு சின்ன விஷயம். தேர்வு மையத்தில் காகிதமும் பென்சிலும் தர மாட்டார்கள். லேமினேட் செய்த பலகையும் மெல்லிய மார்க்கரும்தான் தருவார்கள். அந்த மார்க்கரால் சின்னக் கட்டம் வரைவது கடினம். ஒரு காகிதத்தை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, கடைசி சில மாதமும் அதிலேயே பழகினேன். சில டாலரில் முடிந்த இந்தச் செலவு, நான் செய்த எல்லாச் செலவிலும் மதிப்பானது.

வாசிப்புப் பகுதியில் மூன்று நீண்ட அறிவியல் கட்டுரைகள் வரும், ஒன்றுக்கு 20 நிமிடம். இதற்கென்று எதுவும் வாங்கவில்லை. பப்மெட் சென்ட்ரல் என்கிற இலவச இணையக் காப்பகத்தில் முழுதாகத் திறந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் திரையில் படித்து, பத்திக்கு ஒரு வரி மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கணிதத்துக்குக் கான் அகாடமியின் இயற்கணிதம், நிகழ்தகவு பாடங்கள் போதும்.

பொது நூலகத்தை மறக்காதீர்கள். கப்லான் போன்ற பயிற்சிப் புத்தகங்கள் பல நூலகங்களில் இருக்கும், இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பழைய பதிப்பு வாங்கலாமா? உயிரியலும் வேதியியலும் படிக்க வாங்கலாம். ஆனால் அதில் இருக்கும் மதிப்பெண் அட்டவணையை நம்ப வேண்டாம். மார்ச் 2025 முதல் பழைய 1 முதல் 30 வரையிலான அளவு போய், 200 முதல் 600 வரை பத்துப் பத்தாக ஏறும் புதிய அளவு வந்துவிட்டது. யாராவது 20 வாங்கினேன், 22 வாங்கினேன் என்று சொன்னால் அது பழைய கணக்கு.

காசு கொடுத்து வாங்கியவற்றில் முதலிடம் சங்கமே விற்கும் அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வுக்குத்தான். விளக்கம் அதிகம் இருக்காது, ஆனால் கேள்வியின் நடையும் கடினமும் அசலுக்கு மிக நெருக்கம். அதைக் கடைசி வாரங்களுக்கு என்று தொடாமல் வைத்திருந்தேன். அடுத்து, டிஏடி பூட்கேம்ப், டிஏடி பூஸ்டர் மாதிரியான சந்தாத் தளங்கள். ஒன்று போதும், இரண்டு வேண்டாம். சந்தா வாங்கிய நாளிலிருந்தே நாட்கள் கழியத் தொடங்கிவிடும். பாடம் முழுவதும் ஒருமுறை முடித்த பிறகு, குறைந்த கால சந்தாவாக வாங்கினால் ஒவ்வொரு நாளும் மாதிரித் தேர்வுக்கும் அதன் விளக்கங்களுக்குமே போகும். ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கிய நண்பர்கள் அதே காசுக்கு வீடியோதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த வீடியோவுக்குச் சமமானது இலவசமாகவே இருக்கிறது. மாதிரித் தேர்வை எழுதும் நாளில் காலையில், இடையில் போனைப் பார்க்காமல், ஒரே மூச்சில் எழுத வேண்டும். எழுதியதைவிட அதிக நேரம் அதை அலசுவதற்குக் கொடுக்க வேண்டும். சரியாக வந்த விடைகளையும் சேர்த்துத்தான்.

நேரடி வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தில் விசாரித்தேன். மதிப்பெண் உயராவிட்டால் பணம் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படித்தபோது, ஒரு வகுப்பைத் தவறவிட்டாலும் அந்த வாக்குறுதி செல்லாது என்று இருந்தது. வேலைக்குப் போகிறவர்களால் அதைக் காப்பாற்றவே முடியாது. இப்படி எங்கே சேர்ந்தாலும், காசு கட்டும் முன் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள்.

கட்டணத்தைப் பற்றி. பொருளாதார நெருக்கடியில் இருப்பவர்களுக்குச் சங்கம் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. முதல் முறை எழுதுபவராகவும், அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் தருவார்கள் என்பதால் ஜனவரியிலேயே விண்ணப்பிப்பது நல்லது. தேதியை மாற்றினால் தனிக் கட்டணம், தேர்வு நாள் நெருங்க நெருங்க அது கூடும். மறுபடி எழுத வேண்டுமானால் முழுக் கட்டணம், நடுவே குறைந்தது 60 நாள் காத்திருப்பு. மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் நிலைப்பட்ட பிறகு தேதி எடுத்தால் இந்த இரண்டு செலவும் வராது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்தெந்தக் கல்லூரிகளுக்கு மதிப்பெண் போக வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளுக்கு அனுப்புவது கட்டணத்திலேயே அடக்கம். பின்னால் சேர்த்தால் தனியாகக் காசு. ஆகவே கல்லூரிப் பட்டியலை முதலிலேயே தயார் செய்துகொண்டு, கொஞ்சம் சந்தேகமாக இருக்கிற கல்லூரியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.